மாமனாரும் பீட்சாவும் பிரஷர் மிஷினும்

என் மாமனாரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முகம் இல்லை, இடது கை. குயிலாப்பாளையத்தில் ஒரு பீட்சாக் கடையின் மர மேசையில், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில், உள்ளங்கை மேலே பார்க்க அந்தக் கை நீண்டு கிடக்கும். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி விட்டிருப்பார். நான் பையிலிருந்து பிரஷர் மிஷினை எடுத்து வைத்து, பட்டையை அவர் கையில் சுற்றி, பொத்தானை அழுத்துவேன். அது உர்ரென்று காற்றை நிரப்பத் தொடங்கும். அந்தப் பக்கம் அடுப்புக்கு முன்னால் கடைக்காரர், மாவு உருண்டையை விரிக்காமல் கையடியில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நிற்பார். நான் தலையாட்டினால் உருண்டை விரியும். ஆட்டாவிட்டால் அது பழையபடி ஈரத்துணிக்கு அடியில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே கூட்டம் அதிகம். ஆரோவில்காரர்களும் பாண்டிச்சேரியிலிருந்து வந்த குடும்பங்களும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். மாமனார் யாரையும் பார்க்க மாட்டார். பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருப்பார்.

அவர் மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்தவர். உப்பளம் என்றதும் எல்லோரும் எங்கள் உப்பு அவர்கள் வீட்டுச் சாம்பாரில் கரைகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அதில் பாதி தோல் பதனிடுகிற இடங்களுக்கும், கருவாடு போடுகிறவர்களுக்கும் போய்விடும். கொஞ்சம் ஆரோவில் பக்கத்துத் தங்கும் விடுதிகளுக்குப் போகும். அங்கே கடினத் தண்ணீரை மென்மையாக்குகிற தொட்டியில் கொட்டுவதற்கு மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். அப்படி ஒரு விடுதியில் மூட்டைகளை இறக்கிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டியவர் வரும்வரை வெளியே நின்றிருந்தபோதுதான் பக்கத்துக் கடைக்காரர், "வாங்கய்யா, வெயில்ல நிக்கிறீங்களே, இத்த சாப்ட்டு பாருங்க" என்று ஒரு பீட்சாத் துண்டைக் கொடுத்திருக்கிறார். இது நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முன்னால் நடந்தது. ஆனால் மாமனார் சொல்லிச் சொல்லி, நானே அங்கே நின்று பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அந்தக் கடைதான். மாமியார் உயிரோடு இருந்தவரை அவரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவாராம். மாமியாருக்கு அது பிடிக்கவே இல்லையாம். தோசையை மேலே தக்காளி சட்னியோடு சேர்த்துக் கருக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாராம். அதற்காக மாமனார் இரண்டு நாள் பேசவில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற கதை.

அந்தக் கடையில் போடுவது இத்தாலியில் நேப்பிள்ஸ் என்ற ஊரின் பாணி. கடைக்காரர் குயிலாப்பாளையத்துக்காரர்தான். சின்ன வயதில் ஆரோவில்லில் ஓர் இத்தாலிக்காரரின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து, அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு தனியாகக் கடை வைத்தார். செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய வளைந்த அடுப்பு, அதில் சவுக்கு விறகு, நடுநடுவே முந்திரி விறகு. பீட்சா நடுவில் மெல்லிசாக, கையில் எடுத்தால் தொங்குகிற மாதிரி இருக்கும். ஓரம் மட்டும் பூரி போல உப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழுந்திருக்கும். மேலே தக்காளி, பாலாடைக்கட்டி, நாலைந்து பச்சை இலை, அவ்வளவுதான். அந்த இலையை முதல் நாளே மாமனார் கண்டுபிடித்துவிட்டார். "இது திருநீத்துப்பச்சைப்பா. எங்கூட்ல காது வலிச்சா இத்ததான் புழிஞ்சு ஊத்துவாங்க" என்றாராம். பாண்டியில் பெரிய கம்பெனிக் கடைகளில் விற்கும் பீட்சாவை அவர் பீட்சா என்றே சொல்ல மாட்டார், "அந்த பன்னு" என்பார். தக்காளி சாஸ் பாக்கெட்டைக் கிழிக்கிறவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஓரத்தைச் சாப்பிடாமல் தட்டில் ஒதுக்கிவைக்கிறவர்களைப் பார்த்தால் எழுந்துபோய் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். "ஓரம்தாம்மா பீட்சா. நடுவுல இருக்கிறது கொழம்பு" என்பது அவர் வாக்கு. அதனால் ஓரத்தைத்தான் முதலில் சாப்பிடுவார். பார்சல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கடைக்காரரும் பார்சல் கட்ட மாட்டார், இவரும் கேட்க மாட்டார். அடுப்பை விட்டு வெளியே வந்த கையோடு வாய்க்குப் போகவேண்டும், நடுவில் ஓர் அட்டைப்பெட்டி வந்தால் எல்லாம் நமத்துப்போகும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கொள்கை.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு கோடையில் அவர் உப்பு வாருகிற இடத்தில் மயங்கி விழும்வரை. வெயில் மயக்கம் என்றுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு இரத்த அழுத்தம் மிக அதிகம், சிறுநீரகமும் லேசாகச் சோர்ந்திருக்கிறது, உப்பைக் குறையுங்கள், பைக் ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டார். உப்பளக்காரரிடம் உப்பைக் குறைக்கச் சொன்ன செய்தி தெருவெல்லாம் பரவி, பார்க்க வந்தவர்களெல்லாம் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, சிரித்துவிட்டுப் போனார்கள். மாமனார் சிரிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வியாபாரம் பேசுகிற குரலில் பேசினார். "ஏம்மா, டாக்டரு உப்பை கொறைன்னுதான சொன்னாரு? திங்கள்லேர்ந்து சனி வரிக்கும் எனக்கு உப்பே போடாத. சோத்துல வேணாம், கொழம்புல வேணாம், மோருல வேணாம். ஞாயித்துக்கெழமை மட்டும் என்னை வுட்டுடு." பீட்சா மாவில் உப்பைக் குறைக்கச் சொல்லிப் பார்க்கலாமே என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவன் மாவுல நாம கை வெக்கக் கூடாதும்மா" என்றார். டாக்டரிடம் போய்க் கேட்டபோது அவர், வாரத்தில் ஒரு நாள்தானே, அன்றைக்கு அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பாதி பீட்சா சாப்பிடட்டும் என்றார். அன்றைக்குக் கட்டுக்குள் இருந்தால் என்று அவர் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். அன்று மாலையே மிஷின் வாங்கினோம்.

என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பயந்த சுபாவம், ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். கிளியனூரில் விவசாயக் குடும்பத்தில் நிறையப் பிள்ளைகளுக்கு மூத்தவளாகப் பிறந்தவள். தம்பி தங்கைகள் கிணற்றடிக்குப் போனால் பயம், மாட்டுக்குப் பக்கத்தில் போனால் பயம். கல்யாணமாகி வந்த பிறகு கணவருக்குச் சென்னைக்குப் பக்கத்தில் கம்பெனி வேலை, மாதத்துக்கு இரண்டு தடவைதான் வருவார், அந்தப் பேருந்துப் பயணம் ஒரு பயம். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில், போனை எடுக்காவிட்டால் அது ஒரு பயம். கேஸ் அடைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். "உன் பயத்தை மூட்டை கட்டி வித்தா நம்ம உப்பை விட நல்லா போவும்மா" என்பார் மாமனார். கணவர் போனில் வேறு மாதிரிப் பேசுவார். "அவரு கேக்குறாருன்னு நீயும் கூட்டிட்டு போற. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்." அதைக் கேட்டுவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை வெளியே எடுப்பேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூனிமேடு தாண்டி, காலாப்பட்டு தாண்டி, பெரிய முதலியார்சாவடியில் திரும்புகிறவரை என் கண் பாதி சாலையிலும் பாதி கண்ணாடியில் தெரிகிற அவர் முகத்திலும் இருக்கும். பின்னால் வருகிற ஒவ்வொரு காரும் எங்களுக்காகவே வருகிற மாதிரி இருக்கும். வீடு திரும்பும்போது தலை விண்விண்ணென்று தெறிக்கும். ஹெல்மெட் இறுக்கம், வெயில், சாப்பிட்ட களைப்பு என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு படுத்துவிடுவேன்.

இதில் ஒரு கொடுமை இருந்தது. வீட்டில் பார்த்தால் அவர் அழுத்தம் நன்றாகவே இருக்கும். கடையில் போய் உட்கார்ந்து பார்த்தால் ஏறியிருக்கும். எரிகிற சவுக்கின் வாசமும், வேகிற மாவின் வாசமும் மூக்கில் ஏறியதும் மனிதருக்கு உள்ளே என்னவோ ஆகிவிடும் போலிருக்கிறது. அவருக்கும் அது தெரிந்துபோயிற்று. அதனால் வந்து இறங்கியதும் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்வார். யாரோடும் பேச மாட்டார். மூச்சை இழுத்து இழுத்து விடுவார். ஒரு நாள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுகூட உட்கார்ந்தார். முதல் தடவை எண் ஏறிவந்தால், எலுமிச்சை ஜூஸ் குடித்து, கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்துவிட்டு மறுபடி பார்ப்போம். பெரும்பாலும் இறங்கிவிடும். சில ஞாயிறுகளில் இறங்காது. அன்று சாப்பிடாமலே கிளம்புவோம். மேசையில் அந்த எண்கள் ஏறுகிற நேரம் எனக்கு ஒவ்வொரு வாரமும் பெரும்பாடாக இருக்கும். ஏறினால் அவர் மனம் உடையும். இறங்கினால் அவர் சாப்பிடுவார், சாப்பிட்ட பிறகு இராத்திரி ஏதாவது ஆகிவிட்டால் என்று எனக்கு நடுக்கம். எது வந்தாலும் நிம்மதி இல்லாத எண்ணுக்காக நான் ஒவ்வொரு வாரமும் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் தொடர்ந்து சில வாரங்கள் எண் இறங்கவே இல்லை. வாரம் முழுக்க உப்பில்லாச் சோற்றைத் தின்றுவிட்டு, ஞாயிறும் வெறும் கையோடு திரும்பிக்கொண்டிருந்தார். அன்றும் பட்டையைச் சுற்றிப் பார்த்தேன், டாக்டர் சொன்ன கோட்டைத் தாண்டித்தான் நின்றது. ஜூஸ் குடித்தார். மறுபடி பார்த்தேன். அதேதான். நான் கடைக்காரரைப் பார்த்து இல்லை என்று தலையசைத்தேன். அவர் உருண்டையைத் துணிக்கு அடியில் வைக்கப் போனபோது மாமனார் மேசையைத் தட்டினார்.

"மிஷினு செத்துப்போச்சும்மா" என்றார். "உப்புக்காத்து தின்னுடுச்சு. ஜன்னலாண்டதான வெச்சிருக்கிற?"

எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் எது கெட்டாலும் குற்றவாளி உப்புக்காற்றுதான். டிவி அதனால் போனது, ஃப்ரிட்ஜின் அடிப்பாகம் அதனால் உதிர்ந்தது, இரும்புக் கேட்டை வருஷா வருஷம் அது தின்றுகொண்டிருக்கிறது. பிரஷர் மிஷின் மட்டும் தப்பிக்குமா? எனக்கே அது நியாயமாகப் பட்டது. "உன் கையில போட்டுப் பாரு, தெரிஞ்சுடும்" என்றார். போட்டுப் பார்த்தேன். காற்று நிரம்பி, இறங்கி, எண் வந்து நின்றது. அவருக்கு வந்ததைவிட எவ்வளவோ மேலே.

மாமனார் கையைத் தட்டிச் சிரித்தார். "பாத்தியா! உனக்கே இவ்ளோ காட்டுது. உனக்கு ஏது பிரஷரு? நான் சொன்னேன்ல!" கடைக்காரரும் சிரித்துவிட்டு, என் தலையாட்டலுக்குக் காத்திராமல் உருண்டையை எடுத்து விரிக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல? இத்தனை வாரமாகப் பார்த்த எண்ணெல்லாம் பொய், மனிதர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. நானும் சிரித்தேன். பீட்சா அடுப்புக்குள் போயிற்று. கல்லாவில் இருந்த கடைக்காரரின் மனைவி விளையாட்டாக எழுந்து வந்து, "எனக்கும் பாருங்கக்கா, நான் எவ்ளோன்னு பாக்கலாம்" என்று கையை நீட்டினார். பார்த்தேன். புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரி சரியான எண் வந்தது. கடைக்காரர் மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினார். அவருக்கும் சரியாகவே வந்தது. கடைக்காரரின் மனைவி பட்டையை எடுத்து மறுபடி என் கையில் சுற்றினார். முன்பு வந்த எண்ணேதான் வந்தது, இன்னும் கொஞ்சம் கூடவே.

அதற்குள் பீட்சா வந்துவிட்டது. கடைக்காரர் தட்டை மேசையில் வைத்தார். ஓரம் நன்றாக உப்பி, கரும்புள்ளி விழுந்து, நடுவில் பாலாடைக்கட்டி இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. மாமனாருக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படி. அத்தனை வாரங்கள் காத்திருந்து வந்த பீட்சா. அவர் அதைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்தார். "தல வலிக்குது, தல வலிக்குதுன்னியே. எப்பலேர்ந்துமா வலிக்குது?" என்றார். ரொம்ப நாளாக என்றேன். அவர் எழுந்துவிட்டார்.

"எழுந்திரும்மா."

"மாமா, சாப்ட்டு போலாம், ஆறிடும்."

"எழுந்திரும்மான்றேன்."

கடைக்காரர் ஆட்டோவுக்குப் போன் செய்கிறேன் என்றார். ஆட்டோ வருவதற்குள் நாங்களே போய்விடலாம் என்று மாமனார் என் கையிலிருந்து சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். மயங்கி விழுந்த நாளிலிருந்து அவர் வண்டியைத் தொட்டதில்லை. அதற்கு முன்னால் ஓட்டியதெல்லாம் கியர் வைத்த பழைய பைக். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "கியரு எங்கம்மா இருக்குது?" என்றார். கியர் கிடையாது, கையை முறுக்கினால் போகும் என்றேன். முறுக்கினார். நான் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையில் மிஷின் பையையும் மறு கையில் அவர் சட்டையையும் பிடித்துக்கொண்டேன். நான் மயங்கி விழுவேனா, அவர் மயங்கி விழுவாரா என்று இரண்டு பயம் எனக்கு. காலாப்பட்டு ஆஸ்பத்திரி வரும்வரை அவருடைய இடது கால் இல்லாத கியரைத் தேடிக்கொண்டே இருந்தது. லாரி ஒன்று ஹாரன் அடித்தபோது வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. "பேசிக்கினே வாம்மா, சும்மா வராத. என்னை ஏதாச்சும் திட்டிக்கினே வா" என்றார். திட்ட எனக்கு ஒன்றும் வரவில்லை. மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், வெயிலில் நிற்காதீர்கள், ஊறுகாயைத் தொடாதீர்கள் என்று தினமும் சொல்வதையே காற்றில் கத்திக்கொண்டு போனேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று கத்தினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர்களுடைய மிஷினில் பார்த்தார். எங்கள் மிஷின் சொன்னதையே அதுவும் சொன்னது. "மிஷினு சரியாத்தான் இருக்குது" என்று மாமனார் யாரிடமும் இல்லாமல் மெதுவாகச் சொன்னார். டாக்டர் சின்னப் பெண். என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தால் கை கால் விழுந்த பிறகுதான் என்னைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள் என்றார். மாத்திரை கொடுத்து, சாயங்காலம்வரை படுக்கச் சொன்னார்கள். கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எலுமிச்சை ஜூஸ் தவிர ஒன்றும் குடிக்கவில்லை. ஒரு டீயாவது குடித்துவிட்டு வாருங்கள் மாமா என்றால், அசையவில்லை. பொழுது சாய்கிற நேரத்துக்குக் கணவர் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார். வந்த பயத்தில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "உங்க நாக்குக்காக இவளை வாரா வாரம் வெயில்ல இழுத்துக்கினு போனீங்களேப்பா. இப்ப பாத்தீங்களா?" மாமனார் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்பா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மேசையில் அவர் என் கையில் அந்தப் பட்டையைச் சுற்றச் சொல்லியிருக்காவிட்டால் என் பிரஷர் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் படுத்தபடியே சொன்னேன். கணவர் காதில் அது விழுந்த மாதிரித் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மாமனார் பீட்சாக் கடையைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கள் வீட்டில் உப்பில்லாத தட்டு இரண்டாயிற்று, ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. ஞாயிற்றுக்கிழமையும் உப்பில்லாத குழம்புதான். கடைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு வெள்ளைச் சட்டை போடுகிற வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "மாமா, இந்த வாரம் போலாமா?" என்று கேட்டால், "வேணாம்மா. ரோடு முழுக்க லாரியா வருது" என்பார். அந்தச் சாலையில் லாரி என்றைக்கு வராமல் இருந்தது? மழை இருட்டிக்கொண்டு வரும்போதுகூடக் குடை இல்லாமல் உப்பளத்துக்கு நடந்தவர் அவர். இப்போது நான் பள்ளிக்கூட வேலை முடிந்து வீடு திரும்பும்வரை கேட்டருகே நின்றார். காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, "மாத்திரை போட்டியாம்மா?" இராத்திரி நான் படுத்த பிறகு சமையலறைக்குப் போய் கேஸ் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிற சத்தம் கேட்கும். என் வியாதி அவருக்கும் தொற்றிக்கொண்டதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. உப்பில்லாத சோற்றை அத்தனை நாள் அவர் இறங்கவைத்தது வாரக் கடைசியில் அது இருக்கிறது என்ற எண்ணத்தில்தான், அதையும் விட்டுவிட்டு மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார் என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

என் எண் ஒரு வழிக்கு வந்ததும் நான் கணவரிடம் சண்டை போட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் போட்ட உருப்படியான சண்டை அது ஒன்றுதான். வாடகைக்கு ஒரு கார் எடுங்கள், மூன்று பேரும் போகிறோம் என்றேன். மாமனார் வரமாட்டேன் என்றார். அப்படியென்றால் நான் ஸ்கூட்டரில் தனியாகப் போவேன் என்றேன். அதற்குப் பயந்துதான் காரில் ஏறினார். கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னாய்யா, மறந்துட்டீங்களே எங்களை" என்றார். பழைய மேசையிலேயே உட்கார்ந்தோம். மாமனார் சட்டைக் கையைச் சுருட்டவில்லை. என் பையைத் தன் பக்கம் இழுத்து, மிஷினை வெளியே எடுத்து, "கையை நீட்டும்மா" என்றார். பட்டையைத் தலைகீழாகச் சுற்றினார். கடைக்காரரின் மனைவி வந்து சரிசெய்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை மேல் கவிழ்ந்து, அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்.

காற்று நிரம்பும்போது எண்கள் ஏறிக்கொண்டே போகும், அது வெறும் காற்றின் எண், நம்முடையது இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டே கை நீட்டி வந்தவர் என்பதால் அதைப் பார்த்ததே இல்லை. ஏறுகிற எண்ணெல்லாம் என்னுடையது என்று நினைத்துவிட்டார். உதடு முணுமுணுக்க ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார். முகம் வெளுத்துவிட்டது. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த முகத்தை இந்தப் பக்கத்திலிருந்து நான் அதுவரை பார்த்ததில்லை. என் அம்மாவுக்குப் பிள்ளைகள் அதிகம், மூத்தவளைப் பற்றிப் பயப்பட அவளுக்கு நேரம் இருந்ததில்லை. கணவருக்கு நான் எதையும் தாங்குகிறவள். பயப்படுவது என் வேலை, மற்றவர்கள் போய்வருகிறவர்கள், அப்படித்தான் என் காலம் போயிருந்தது. எண் இறங்கி வந்து நல்ல இடத்தில் நின்றதும் அவர் விட்ட மூச்சு என் கையில் பட்டது. நான் அழுதுவிட்டேன். "ஏம்மா, நல்லாத்தானம்மா இருக்குது. எதுக்கு அழுவுற?" என்று பதறினார். பிறகு கடைக்காரரைப் பார்த்து, நான் ஆட்டுகிற மாதிரியே தலையாட்டினார். பீட்சா வந்ததும் உப்பியிருந்த ஓரத்தில் நல்லதாக ஒரு துண்டைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். கணவர் போனைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் போய்வந்தோம். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த மாமனார் சில நாட்களில் போய்ச் சேர்ந்துவிட்டார். வயசு, வேறொன்றும் இல்லை என்றார் டாக்டர். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இதில் பங்கு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நம்பாமல் அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போனபோதும் கேட்டேன். இன்னும் சில விடியற்காலைகளில் விழிப்பு வந்து, அந்தப் பாதி பீட்சாக்கள் அவர் ஆயுளைக் குறைத்தனவா, இல்லை அவரை இவ்வளவு காலம் இழுத்துப் பிடித்து வைத்திருந்தனவா என்று புரண்டுகொண்டிருப்பேன். தெளிந்தபாடில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கணவரோடு கடைக்குப் போயிருந்தேன். புதிதாக ஒரு தகரக் கூரை போட்டு இன்னும் சில மேசைகள் சேர்த்திருக்கிறார்கள். கடைக்காரர் உருண்டையைக் கையடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தார். கணவர் போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். நானே பட்டையை எடுத்து, நானே சுற்றி, நானே பொத்தானை அழுத்தினேன். எண்கள் மளமளவென்று ஏறின, மெல்ல இறங்கின, நல்ல இடத்தில் நின்றன. ஏறும்போது பயந்து வெளுக்க எதிரில் ஆள் இல்லை.